ஒரு வருஷ மேயர்: திருமயத்துக்காரர் சத்தியமூர்த்தியின் கதை

போன செமஸ்டர்ல எங்க சிவில் டிபார்ட்மென்ட்ல இருந்து பூண்டிக்கு ஃபீல்டு விசிட் கூட்டிட்டுப் போனாங்க. அங்க நீரியல் ஆய்வு நிலையம் ஒண்ணு இருக்கு. அணை, மதகு, கால்வாய் எல்லாத்தையும் சின்ன மாடலா கட்டி, தண்ணி விட்டுப் பார்க்கிற இடம். அதைப் பார்த்துட்டு ஏரிக்கரைக்கு வந்தோம். எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கிட்டு இருந்தப்போ, ஏரியோட முழுப்பெயர் சத்தியமூர்த்தி சாகர்னு ஒருத்தன் படிச்சான். யாருடா அந்த சத்தியமூர்த்தின்னு கேட்டதுக்கு பஸ்ஸுல இருந்த நாற்பது பேர்ல ஒருத்தருக்கும் சரியா பதில் தெரியல. காங்கிரஸ் ஆபீஸுக்கு சத்தியமூர்த்தி பவன்னு பேர் இருக்கே, அவரா இருக்கும்னு ஒருத்தர் சொன்னதோட சரி.

நான் கோட்டைப்பட்டினத்துக்காரன். வாசல்ல இறங்கி நடந்தா கடல். கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் தண்ணி. ஆனா குடிக்கிற தண்ணி எப்ப வரும்னு குடத்தை வரிசையில வச்சுக் காத்திருந்த ஞாபகம்தான் எனக்கு ஜாஸ்தி. அதனால ஒரு ஊருக்கு தண்ணி கொண்டு வந்தவர் யாருன்னு கேள்வி வந்தா எனக்கு விட மனசு வராது. ஹாஸ்டலுக்கு வந்து தேடினேன். முதல் வரியிலேயே தூக்கிவாரிப் போட்டது. அவர் எங்க மாவட்டத்துக்காரர். திருமயத்துல பிறந்தவர்!

எங்க ஊர்ல இருந்து அறந்தாங்கி, புதுக்கோட்டைன்னு பஸ் மாறிப் போனா வர்ற ஊர்தான் திருமயம். சின்ன வயசுல ஸ்கூல் டூர்ல அந்தக் கோட்டை மேல ஏறி பீரங்கி பார்த்திருக்கேன். இப்படி ஒருத்தர் அந்த ஊர்ல பிறந்தார்னு அன்னிக்கு யாரும் எனக்குச் சொல்லல. அதனால இப்ப நான் உங்களுக்குச் சொல்றேன்.

வக்கீல் வீட்டுப் பையன்

சத்தியமூர்த்தி பிறந்தது 1887 ஆகஸ்ட் 19. அப்போது புதுக்கோட்டை ஒரு தனி சமஸ்தானம். தொண்டைமான் மன்னர்கள் ஆண்டார்கள். அப்பா வக்கீல், சமஸ்கிருதம் படித்தவர். ஆனால் பையன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். தம்பி தங்கைகளோடு குடும்பப் பாரம் தலையில் விழுந்தது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்து, பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரி, அதன்பின் சட்டக் கல்லூரி என்று போனார். வக்கீலாகப் பெயர் வாங்கத் தொடங்கிய நேரத்தில் அரசியல் இழுத்துக்கொண்டது.

அவரிடம் பணம் கிடையாது, பெரிய ஜமீன் பின்னணி கிடையாது. இருந்தது ஒண்ணே ஒண்ணு, பேச்சு. தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம் மூன்றிலும் சரளமாகப் பேசக்கூடியவர். மைக் பரவலாக இல்லாத காலம் அது. கடற்கரைக் கூட்டத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரல் ஒரு அரசியல்வாதிக்கு இன்னைக்கு லட்சம் ஃபாலோயர் இருக்கிற மாதிரி. 1919இல், முப்பத்திரண்டு வயதில், இந்தியாவின் சீர்திருத்தச் சட்டம் பற்றி வாதாட காங்கிரஸ் இங்கிலாந்துக்கு அனுப்பிய குழுவில் அவரும் ஒருவர்.

சட்டசபைக்குள்ளே போகலாமா, வேண்டாமா?

அந்தக் காலத்துல காங்கிரஸுக்குள்ளேயே ஒரு பெரிய சண்டை. காந்தி ஒத்துழையாமை இயக்கத்தை ஆரம்பித்து, வெள்ளைக்காரனின் சட்டசபையைப் புறக்கணிக்கச் சொன்னார். உள்ளே போய் உட்கார்ந்து, கேள்வி மேல் கேள்வி கேட்டு அரசாங்கத்தைத் திணறடிப்பதுதான் சரி என்று சித்தரஞ்சன் தாஸும் மோதிலால் நேருவும் சொன்னார்கள். சுயராஜ்யக் கட்சி அப்படிப் பிறந்தது. சத்தியமூர்த்தி இரண்டாவது அணி. காந்தி மேல் மரியாதை இருந்தாலும் இந்த விஷயத்தில் அவர் தன் கருத்தை மறைத்ததே இல்லை. 1923இல் சென்னை சட்டமன்றத்துக்குள் போனார். 1930 வரை அங்கே இருந்தார்.

உள்ளே போய் என்ன கிழிச்சார்னு கேட்கத் தோணும். ஒரு உதாரணம் போதும்.

1928இல் பாரதியார் பாடல் புத்தகங்களை பர்மா அரசு தடை செய்தது. அதைத் தொடர்ந்து சென்னை அரசும் தடை போட்டு, புத்தகங்களைப் போலீஸ் பறிமுதல் செய்தது. பாரதி இறந்து அப்போது ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. குடும்பத்துக்கு அந்தப் புத்தக விற்பனைதான் வருமானம். இன்னைக்கு இருக்கிற மாதிரி ஸ்கூல் சுவரெல்லாம் பாரதி படம் இல்லாத காலம். சத்தியமூர்த்தி அந்தத் தடையைச் சட்டமன்றத்தில் ஒத்திவைப்புத் தீர்மானமாகக் கொண்டுவந்தார். அந்தப் பாட்டுகளின் அருமையை அரசாங்கத் தரப்புக்கு எதிரிலேயே எடுத்துச் சொல்லி வாதாடினார். தீர்மானம் பெரும்பான்மையோடு நிறைவேறியது. அரசாங்கம் பின்வாங்க வேண்டியதாயிற்று. ஒரு சட்டசபை உறுப்பினர் பதவியில் இல்லாமலே என்ன செய்ய முடியும்ங்கறதுக்கு அது நல்ல சாட்சி.

அதே சட்டமன்றத்தில் அவர் தப்பான பக்கம் நின்ற கதையும் உண்டு. அதைச் சொல்லாம விட்டா இது வாழ்க்கை வரலாறு இல்ல, கட்சி போஸ்டர்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நமக்குத் தெரிந்த பெயர். அவரும் புதுக்கோட்டைக்காரர்தான். சத்தியமூர்த்தியைவிட ஒரு வயது மூத்தவர். அவரும் மகாராஜா கல்லூரி மாணவிதான். பெண்களைச் சேர்க்கவே தயங்கிய காலத்தில் போராடி இடம் வாங்கிப் படித்தவர். அவர் சட்டமன்றத்துக்கு வந்து, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க முயன்றார். எதிர்த்துப் பேசியவர்களில் முக்கியமானவர் சத்தியமூர்த்தி. அந்த வழக்கம் போனால் இசையும் நாட்டியமும் அழிந்துவிடும், மத விஷயத்தில் சட்டம் கைவைக்கக் கூடாது என்பது அவர் வாதம். அந்தக் கலையை யார் உடம்பு சுமக்கிறது, அந்தப் பெண் குழந்தைகளிடம் யாராவது கேட்டார்களா என்பதை அவர் பார்க்கவில்லை. முத்துலட்சுமி அம்மையார் பார்த்தார். 1947இல் முழுத்தடைச் சட்டம் வந்தது. நாட்டியமும் அழியவில்லை. ஒரே மாவட்டம், ஒரே கல்லூரி. சுதந்திரம் என்ற வார்த்தைக்கு இரண்டு பேரும் வேற வேற அளவு வச்சிருந்தாங்க. இந்த விஷயத்தில் அம்மையாரின் அளவுதான் பெரிசு.

நாடக மேடையும் சிறையும்

கலை மேல அவருக்கு இருந்த ஆசை மட்டும் பொய் இல்லை. சுகுண விலாச சபாவில் அவரே வேஷம் கட்டி நடித்திருக்கிறார். கூத்தாடி என்று நாடகக்காரர்களை ஒதுக்கிய காலத்தில் அவர்களை அரசியல் மேடைக்குக் கூட்டி வந்தவர். 1937 தேர்தலில் கே.பி. சுந்தராம்பாள் காங்கிரஸுக்காக ஊர் ஊராகப் பாடிப் பிரசாரம் செய்தார். சினிமாவும் அரசியலும் தமிழ்நாட்டில் எப்ப சேர்ந்ததுன்னு கேன்டீன்ல நாம விவாதம் பண்றோமே, அந்தக் கதையோட முதல் பக்கத்துல இவர் பேர் இருக்கு.

1930இல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் கொடியேற்ற முயன்று கைதானார். பிறகு 1932இல் மறுபடி சிறை. உடம்பு அப்போதிலிருந்தே கெட ஆரம்பித்தது. ஆனாலும் 1934இல் மத்திய சட்டசபைத் தேர்தலில் சென்னை நகரத்தில் நின்றார். எதிரே நீதிக்கட்சியின் பெரிய தலை, ஏ. ராமசாமி முதலியார். ஜெயித்தது சத்தியமூர்த்தி. டெல்லியில் கேள்வி நேரம் வந்தாலே அதிகாரிகள் ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு தயாராக உட்கார வேண்டியிருந்தது. அந்தச் சபையில் காங்கிரஸின் துணைத்தலைவராகவும் இருந்தார்.

கைக்கு எட்டியது

இப்ப வர்றதுதான் எனக்கு ரொம்ப உறைச்ச பகுதி.

1937இல் சென்னை மாகாணத்துக்குத் தேர்தல். தமிழ்நாடு காங்கிரஸின் தலைவர் சத்தியமூர்த்தி. செயலாளர் விருதுநகரிலிருந்து வந்த ஒரு இளைஞர், காமராஜர். ஊர் ஊராக அலைந்தார்கள். 215 இடங்களில் 159 காங்கிரஸுக்கு! இத்தனைக்கும் உழைத்த ஒருவர் முதன்மை அமைச்சராகவோ, குறைந்தது ஒரு அமைச்சராகவோ வருவார் என்றுதானே எதிர்பார்ப்போம்? அவர் நிற்க இருந்த பல்கலைக்கழகத் தொகுதியை ராஜாஜிக்காக விட்டுக் கொடுத்தார். ராஜாஜி முதன்மை அமைச்சரானார். சத்தியமூர்த்திக்கு அமைச்சரவையில் இடம் கிடைக்கவில்லை.

பிளேஸ்மென்ட்ல கடைசி ரவுண்டு வரைக்கும் போயி, நம்ம நோட்ஸை வாங்கிப் படிச்சவனுக்கு ஆஃபர் வந்தா நமக்கு எப்படி இருக்கும்? கட்சியை விட்டுப் போகவோ, தனிக்கட்சி தொடங்கவோ அவருக்கு அன்று வழி இருந்தது. ஆள் பலமும் இருந்தது. போகவில்லை. டெல்லிக்கு ரயில் ஏறி, பழையபடி கேள்வி கேட்கப் போனார்.

மேயர் நாற்காலி

இரண்டு வருஷம் கழித்து, 1939இல், சென்னை மாநகராட்சி அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தது.

மேயர்னா பெரிய பதவின்னு நினைப்போம். அங்கி உண்டு, செங்கோல் உண்டு, ஊர்வலத்தில் முதல் கார் உண்டு. ஆனால் நிர்வாக அதிகாரம் கமிஷனரிடம். பணம் ஒதுக்குவது அரசாங்கம். பதவிக்காலம் ஒரே வருஷம். அதிலும் நேரம் பாருங்க, ரொம்ப மோசம். செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் ஆரம்பித்துவிட்டது. அக்டோபர் கடைசியில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்துவிட்டது. மாகாணத்தை ஆள்வது வெள்ளைக்கார கவர்னர். சிமென்ட், இரும்பு எல்லாம் போருக்கு. இப்படிப்பட்ட வருஷத்தில் ஒரு காங்கிரஸ் மேயர் என்ன செய்துவிட முடியும்? விழாக்களுக்குப் போய் மாலை வாங்கிக்கொண்டு வருஷத்தை ஓட்டியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் தண்ணியைக் கையில் எடுத்தார்.

சென்னையோட தண்ணிக் கதையை சிவில் பசங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. மத்தவங்களுக்காகச் சுருக்கமா சொல்றேன். இந்த நகரத்துக்குப் பெரிய ஆறு கிடையாது. கொசஸ்தலையாறு மழைக்காலத்தில் மட்டும் பொங்கி ஓடி எண்ணூர்ப் பக்கம் கடலில் கலக்கும். 1870களில் தாமரைப்பாக்கத்தில் ஒரு அணைக்கட்டு போட்டு, அந்த ஆற்றுத் தண்ணீரைச் சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து புழல் ஏரிக்கும் திருப்பினார்கள். புழலிலிருந்து கீழ்ப்பாக்கம், அங்கிருந்து வீடுகள். ஆனால் அணைக்கட்டு என்பது தண்ணீரைத் திருப்புமே தவிர, சேர்த்து வைக்காது. வெள்ளம் வந்தால் கால்வாய் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் ஏரிக்கு. மிச்சம் கடலுக்கு. நாலு மாசம் கழித்து ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஜனத்தொகையோ ஏறிக்கொண்டே போனது. 1931 கணக்கில் சுமார் ஆறரை லட்சம். 1941இல் ஏழே முக்கால் லட்சம்.

தீர்வு என்னன்னு காகிதத்துல பார்த்தா ஈஸி. அணைக்கட்டுக்கு மேலே, ஆற்றின் குறுக்கே ஒரு நீர்த்தேக்கம் கட்டி வெள்ளத்தைப் பிடித்து வைக்க வேண்டும். தேவைப்படும்போது திறந்துவிட்டால், ஏற்கெனவே இருக்கிற தாமரைப்பாக்கம், சோழவரம், புழல் வழியிலேயே நகரத்துக்குத் தண்ணீர் வந்துவிடும். இடம், பூண்டி. கஷ்டம் எல்லாம் கையெழுத்தில்தான். போர் நடக்கும்போது இவ்வளவு செலவா என்று அரசாங்கம் கேட்கும். காங்கிரஸ்காரன் கேட்கிறான் என்றால் இன்னும் யோசிக்கும்.

அவருக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் பேச்சு. இத்தனை வருஷம் எதிர்த்துப் பேசியே பழகின வாய். இந்த முறை அதே அரசாங்கத்திடம், கெஞ்சாமலும் சண்டை போடாமலும், காரியம் நடக்கும்படி பேச வேண்டும். விடாமல் பேசி ஒப்புதல் வாங்கினார். 1940 ஆகஸ்டில், அவர் மேயராக இருக்கும்போதே, கவர்னர் ஆர்தர் ஹோப் பூண்டியில் அடிக்கல் நாட்டினார்.

அன்னிக்கு மேடையில நின்ன ரெண்டு பேரையும் நினைச்சுப் பாருங்க. ஒருத்தர் இந்த ஆட்சியே போகணும்னு ஜெயிலுக்குப் போனவர். இன்னொருத்தர் அந்த ஆட்சியோட பிரதிநிதி. நடுவுல ஒரு கல்லு. கொள்கையை விட்டுட்டாரான்னு கேட்டா, இல்ல. மேயர் காலம் முடிஞ்ச கையோட தனிநபர் சத்தியாக்கிரகத்தில் போருக்கு எதிராகப் பேசி மறுபடி சிறைக்குப் போனார். சிறையிலிருந்து மகள் லட்சுமிக்கு இலக்கியம், பண்பாடு, வாழ்க்கை என்று கடிதங்கள் எழுதினார். அவை பிறகு புத்தகமாகவும் வந்தன.

குருவும் சீடனும்

இந்த இடத்தில் காமராஜரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1940இல் சத்தியமூர்த்தி ஒரு வேலை செய்தார். தனக்குச் செயலாளராக இருந்த காமராஜரைத் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பதவிக்கு நிறுத்தி ஜெயிக்க வைத்தார். அவருக்குக் கீழே தானே செயலாளராக வேலை பார்த்தார். நம்ம சிம்போசியம் கமிட்டியிலகூட சீனியர், ஜூனியருக்குக் கீழ வேலை பார்க்கச் சம்மதிக்கிறதில்ல!

1941இல் சிறையில் இருந்த காமராஜரை விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியே வந்த அவர், முழுநேரம் கொடுக்க முடியாத பதவி எனக்கு வேண்டாம் என்று ராஜினாமா செய்துவிட்டார். குரு நகரப் பதவியை ஏற்று அதில் ஒரு வேலையை முடித்தார், சீடன் ஏற்கவே இல்லை. ரெண்டுமே ஒரே பாடம்தான்னு எனக்குத் தோணுது. நாற்காலியில உட்கார்ந்தா வேலை நடக்கணும், இல்லன்னா உட்காரக் கூடாது. நம்ம தலைவர்கள் பலர் நகராட்சியில்தான் பழகியிருக்கிறார்கள். ராஜாஜி சேலத்துக்கு, பெரியார் ஈரோட்டுக்கு நகராட்சித் தலைவர்களாக இருந்தவர்கள். சாக்கடை, விளக்கு, தண்ணி இந்த மூணையும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் பெரிய அரசியலுக்குப் போனாங்க.

பார்க்காமலே

1942 ஆகஸ்ட். வெள்ளையனே வெளியேறு தீர்மானம் போட்ட பம்பாய் மாநாட்டிலிருந்து திரும்பும்போது சத்தியமூர்த்தி கைதானார். எங்கோ மத்திய மாகாணத்தில் உள்ள அமராவதி சிறைக்குக் கொண்டு போனார்கள். ஏற்கெனவே நோய் பிடித்த உடம்பு. முதுகெலும்பு பாதிக்கப்பட்டது. சென்னைக்குக் கொண்டுவந்து பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1943 மார்ச் 28 அன்று இறந்தார். வயது 55. காமராஜர் அப்போது சிறையில். குருவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட முடியவில்லை.

இந்தப் பக்கம் பூண்டியில் வேலை நடந்துகொண்டே இருந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னையே பாதி காலியானது. அப்படியும் வேலை நிற்கவில்லை. சுமார் 65 லட்சம் ரூபாய் செலவில் 1944இல் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. அவர் இறந்து ஒரு வருஷம் கொஞ்சம் கூட. சுதந்திரத்துக்கு இன்னும் மூன்று வருஷம். இரண்டையுமே அவர் பார்க்கவில்லை.

1954இல் காமராஜர் முதலமைச்சரானபோது சத்தியமூர்த்தியின் வீட்டுக்குப் போய், அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார் என்று சொல்வார்கள். நீர்த்தேக்கத்துக்கும் கட்சி அலுவலகத்துக்கும் அவர் பெயர் நிலைத்தது.

ஒரு சின்னக் கணக்கு

இன்ஜினியரிங் மேகசின்ல கணக்கு இல்லாம முடிச்சா நல்லா இருக்காது. பூண்டியின் இன்றைய முழுக்கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 9,140 கோடி லிட்டர். நம்ம ஹாஸ்டலுக்கு வர்ற 20 லிட்டர் கேன் கணக்குல சொன்னா, சுமார் 457 கோடி கேன். 1996 முதல் ஆந்திராவிலிருந்து வருகிற கிருஷ்ணா நீரும் கண்டலேறு கால்வாய் வழியாக முதலில் இங்கேதான் வந்து சேர்கிறது. இந்த நீர்த்தேக்கம் இல்லாமல் இருந்திருந்தால் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்க வேறு இடம் தேட வேண்டியிருக்கும்.

முப்பது வருஷம் பேச்சாளர், ஒரு வருஷம் மேயர். அமைச்சராக ஒரு நாள்கூட இருந்ததில்லை. அந்தப் பேச்சில் சரியும் உண்டு, தப்பும் உண்டு. பேசினதெல்லாம் பழைய சட்டசபைக் குறிப்புகளில் தூங்குகிறது. அந்த ஒரு வருஷ வேலை மட்டும் இன்னும் குழாயில வந்துட்டு இருக்கு.

போன வாரம் ஊருக்குப் போனப்போ அம்மாகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். எல்லாத்தையும் பொறுமையா கேட்டாங்க. கடைசியில, மெட்ராஸுக்குத் தண்ணி கொண்டு போன மனுஷன் நம்ம பக்கத்துக்காரரா, அப்ப நம்ம ஊருக்கு யாரு கொண்டு வரப் போறான்னு என்னையே பார்த்துக் கேட்டாங்க. நான் சிவில் மூணாம் வருஷம். இன்னும் ரெண்டு அரியர் இருக்கு. முதல்ல அதை முடிக்கிறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

நீங்க அடுத்த தடவை திருமயம் பக்கம் போனா, கோட்டை மேல ஏறி ஃபோட்டோ எடுக்கிறப்போ, கீழே இருக்கிற அந்த ஊர்ல பிறந்த ஒருத்தரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கங்க.